சினை நண்டுக்கு ஒரு விலை

1. முதல் நாள்

பரங்கிப்பேட்டைக் கரையில் நண்டு வாங்கும் ஏஜெண்டாக நான் நின்ற முதல் காலையில், ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நண்டுகளைப் பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நண்டை மல்லாத்திப் பிடிப்பார்கள். வயிற்றை மூடியிருக்கும் மடலைக் கட்டைவிரலால் தூக்குவார்கள். உள்ளே பிரஷ்ஷை விட்டு நாலு இழுப்பு இழுப்பார்கள். ரவை மாதிரி மஞ்சளாக ஏதோ உதிரும். மணலில் அது மெத்தையாகக் கிடந்தது. காக்கைகள் அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தன.

அது நண்டின் முட்டை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் நண்டு முட்டைகளை வயிற்றுக்கு வெளியே, மடலுக்கு அடியில் கொத்தாக ஒட்டவைத்துச் சுமக்கும். அதைச் சினை நண்டு என்கிறோம். உள்ளங்கை அகலமுள்ள ஒரு நண்டு லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும். எங்கள் கம்பெனி நீலக்கால் நண்டை வாங்கி, ஷெட்டில் ஆவியில் வேகவைத்து, ஓட்டை உடைத்துச் சதையை மட்டும் டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும். அங்கே வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். சினை நண்டு எடுக்கக் கூடாது. முட்டையோடு பிடித்துக்கொண்டே போனால் சில வருடங்களில் பிடிக்க நண்டே இருக்காது என்பது அவர்கள் நியாயம். சரியான நியாயம்தான்.

அந்த நியாயம் கரைக்கு வந்து சேர்ந்தபோது பிரஷ்ஷாக மாறியிருந்தது.

வரிசையில் முதலில் இருந்தவர் அஞ்சலாட்சி அக்கா. ஐம்பது வயதிருக்கும். கணவர் ஃபைபர் போட்டில் நண்டு வலை விடுபவர். மகள் எங்கள் ஷெட்டில் நண்டு உரிக்கிறவள்.

"என்னாக்கா பண்றீங்க?" என்றேன்.

"பாத்தா தெரியல? குளிப்பாட்டறோம்."

"சினை நண்டு வாங்க மாட்டோம்னு கம்பெனில சொல்லியிருக்காங்கக்கா."

"அதான் சினைய எடுத்துட்டோமே. இப்ப இது சினை நண்டு இல்ல. கூடைய எடு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "புது ஏஜெண்டு. பாவம், பயப்புடுத்தாத அக்கா. நாளைக்கு வராம போயிடப் போறாரு."

நான் வாங்கினேன். முதல் நாளே சரக்கைத் திருப்பி அனுப்பும் தைரியம் எனக்கு இல்லை. அந்த வேலையும் எனக்குத் தேவையாக இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு லேத்துப் பட்டறை, அதன் பிறகு லாரி கிளீனர், பெங்களூரில் மோட்டார் காயில் கட்டும் கடை, மஸ்கட்டில் மீன் மார்க்கெட். ஒரு ஊரிலும் மூன்று வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பம்பாயில் ஒரு மொத்தக் கடையில் எனக்குக் கிடைத்த வேலை, பிஸ்கட் பாக்கெட்டில் உள்ள காலாவதித் தேதியைத் தின்னரில் துடைத்து அழிப்பது. எட்டு மாதம் செய்தேன். தப்பு என்று தெரியும். சாப்பாடு அங்கேதான் இருந்தது. அதனால் பிரஷ் பிடித்த கைகளைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வேலை எனக்குப் பழக்கப்பட்டதாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் மேனேஜர் ரகுநாதன் என்னைக் கடலூர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"யோவ் சவரி, மாட்டிக்கிட்டோம். வாங்குறவனோட ஆளு போன வாரம் ஷெட்டுல சாம்பிள் எடுத்திருக்கான், அதுல தேச்ச நண்டு இருந்திருக்கு. மடலுக்கு உள்ள கீறல் இருந்தா கண்டுபுடிச்சிடுறான். மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க. ஒரு ஆளு வந்து பாப்பானாம். அன்னிக்கு ஒரு தேச்ச நண்டு கண்டான்னாலும் பரங்கிப்பேட்ட சரக்கே வேணாம்."

"வேணாம்னா?"

"வேணாம்னா ஷெட்ட மூடிட்டு சாவிய ஹெட் ஆபீஸ்ல குடுக்கணும். வேற என்னா?"

அந்த ஷெட்டில் நாற்பது பெண்கள் நண்டு உரித்தார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் அது ஒன்றுதான் வருமானம். அவர்கள் வேலை போனால் என் வேலையும் போகும். நான் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன். எனக்கு அது புதிதில்லை. அவர்களுக்கு ஏறுவதற்குப் பஸ் கிடையாது.

"நாளையிலேர்ந்து பிரஷ்ஷப் புடுங்கிப் போட்ரு," என்றார் மேனேஜர்.

"பிரஷ் எந்தப் பெட்டிக் கடையிலயும் கெடைக்கும் சார்," என்றேன். "வேற வழி பாக்கறேன். மூணு மாசத்துல தேச்ச நண்டு இல்லாம பண்ணிக் காட்டறேன்."

எந்த வழி என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

2. சிவப்பு நூல்

என் முதல் யோசனையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சினை நண்டை யாரும் தேய்க்க வேண்டாம், முட்டையோடு உயிருடன் கொண்டுவாருங்கள், பாதி விலை தருகிறேன், நானே கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுகிறேன் என்று கரையில் சொன்னேன். மேனேஜர் முனகிக்கொண்டே ஒரு மாதத்துக்குச் சம்மதித்தார்.

எத்தனை நண்டு விட்டோம் என்று காட்டுவதற்காக ஒவ்வொன்றின் பின்னங்காலிலும் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். தினமும் ஒரு போட்டில் ஏறி முகத்துவாரத்துக்கு வெளியே போய்க் கூடையைக் கவிழ்த்துவிட்டு வருவேன். கரையில் பிரஷ்கள் காணாமல் போயின. பத்து நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித்தருபவர். அவரிடம் மாடிப்படியில் நின்றே பெருமையாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விட்ட நண்டு எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டார்.

"கடல்லதான் மேடம் இருக்கும்."

"சரி," என்று உள்ளே போய்விட்டார்.

பதினோராம் நாள் ஒரு கூடையில் சிவப்பு நூல் கட்டிய நண்டு வந்தது. போகட்டும், தற்செயல் என்று இன்னொரு நூலைக் கட்டி விட்டேன். அடுத்த நாள் நூல் கட்டியவை ஏழு. அதற்கு அடுத்த வாரம் அஞ்சலாட்சி அக்காவின் கூடையில் ஒரு நண்டின் காலில் மூன்று நூல் இருந்தது. ஒரே நண்டை நான் மூன்று தடவை விலை கொடுத்து வாங்கியிருந்தேன். இன்னொரு தடவை வாங்கச் சொல்லி அது என் முன்னால் கிடந்தது.

"என்னாக்கா இது?"

"நண்டு."

"நான் விட்ட நண்டுக்கா இது. அடையாளம் இருக்கு பாருங்க."

"மூணு முடிச்சு போட்டுட்டியா?" என்று அக்கா குனிந்து பார்த்தார். "அப்ப இனிமே இத விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. கூட்டிட்டுப் போயி குடும்பம் நடத்து."

கரையே சிரித்தது. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் கட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "கடல்ல விட்டது கம்பெனி நண்டுக்கா. நீங்க புடிச்சது ஞாயமா?" என்றேன்.

அப்போதுதான் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நல்லா யோசிச்சிப் பாரு சவரி. நீ கடல்ல போட்டா அது உன் நண்டா? கடல்ல இருக்கற வரைக்கும் அது யாரு நண்டும் இல்ல. என் வலையில ஏறுனாதான் என் நண்டு. நான் பாவம்னு விட்டேன்னு வெச்சுக்க, அடுத்த போட்டுக்காரன் தூக்கிடுவான். அவன் விட்டா நான் தூக்குவேன். இதுல எவன் விடுவான்? நீ விடுவியா?"

விட மாட்டேன் என்பதுதான் பதில்.

அன்று சாயங்காலம் சிதம்பரம் போய் மேடத்திடம் மூன்று நூல் கதையைச் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இத நாங்க ஒரு செமஸ்டர் நடத்துவோம் சவரி. அந்தம்மா ஒரு நிமிஷத்துல நடத்திட்டாங்க," என்றார். அரசாங்கம் கடுமையாகச் சட்டம் போட்டு, அதிகாரியைக் கரையில் நிறுத்தினால்தான் இது அடங்கும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சட்டம் ஏற்கெனவே ஒன்று வந்தாயிற்று, வெளிநாட்டுக்காரன் போட்டது. அது முட்டையை மணலில் கொட்ட வைத்ததுதான் மிச்சம். அதிகாரி நின்றால் அவர் கண்ணில் படாத இடத்தில் கொட்டுவார்கள். நாள் முழுக்கக் கண்காணிக்க எந்தக் கடற்கரையிலும் ஆள் போதாது.

"அப்ப சந்தை பாத்துக்கும்னு விட்டுடலாமா? இதக் கெடுத்ததே சந்தைதானே?" என்றார்.

இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு பஸ்ஸில் போய் வந்தேன். சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்கு வரும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். எனக்குப் பட்டது இதுதான். சந்தையில் கெட்டுப்போனது ஒரு இடம் மட்டும். தேய்த்த நண்டுக்கு விலை இருக்கிறது. தேய்க்காத சினை நண்டுக்கு விலை இல்லை. நான் கொடுத்த பாதி விலையும் அதைக் கடலில் விடுவதற்குத்தான். கடலில் விட்ட நொடியில் அது யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது. அந்தப் பெண்களுக்குப் புத்தி சொல்ல எதுவும் இல்லை. விலை என்ன சொன்னதோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள். விலை பொய் சொன்னது. அதைத் திருத்த வேண்டும்.

அதற்கு, முட்டை பொரியும் வரை அந்த நண்டு ஒருவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். கடலுக்குப் போகக் கூடாது. செத்தும் போகக் கூடாது.

3. காதர் பாயின் தொட்டிகள்

பரங்கிப்பேட்டைக்கு வடக்கே கடலோரத்தில் காதர் பாய்க்கு ஒரு இறால் ஹேச்சரி இருந்தது. இறால் குஞ்சு பொரிக்கும் இடம். நோய் வந்து பல வருடம் முன்பே மூடிவிட்டார். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், கடலிலிருந்து தண்ணீர் இழுக்கும் குழாய், துருப்பிடித்த இரண்டு மோட்டார். எனக்கு வேண்டியது எல்லாம் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடியை நீவிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நாங்க நண்டு திங்கறதில்ல. எங்க வீட்ல யாருமே திங்கறதில்ல. நண்டுக்கு எடத்த வாடகைக்கு விடலாமான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுநாள் போனேன்.

"கேட்டேன். வாடகை திங்கலாமாம்," என்றார்.

ஆனால் என்னிடம் வாடகைக்கு முன்பணம் இல்லை. மேனேஜரிடம் கேட்கவும் முடியாது. என்னிடம் இருந்தது பெங்களூரில் கற்ற வேலை ஒன்றுதான். "பாய், உங்க மோட்டார் ரெண்டும் காயில் எரிஞ்சு கெடக்கு. ரெண்டையும் நான் கட்டிக் குடுக்கறேன். குழாய் அடைப்பும் எடுத்துத் தரேன். அதுக்குப் பதிலா ரெண்டு மாசம் தொட்டி எனக்கு. அப்பறம் நீங்க கேக்கற வாடகை."

"மோட்டார் ஓடலன்னா?"

"ஓடலன்னா நானும் ஓடிடறேன்."

"ஓடறதுக்கு ஒனக்கு ரொம்ப பழக்கம் போல," என்றார் பாய். ஆனாலும் சாவியைக் கொடுத்தார். நான்கு நாளில் ஒரு மோட்டார் ஓடியது. இரண்டாவதைக் கட்ட ஒரு வாரம் ஆனது. வெள்ளைச் சிமெண்டுத் தொட்டியில் கடல் தண்ணீர் கொட்டியதைப் பாயும் நானும் நின்று பார்த்தோம். அவர், "மாஷா அல்லாஹ்," என்று முணுமுணுத்துவிட்டு, உடனே கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டார்.

அடுத்தது மேனேஜர். சினை நண்டுக்குப் பாதி விலை போதாது, முழு விலை வேண்டும் என்றேன்.

"கம்பெனி என்னா தர்ம சத்திரமா?"

"தர்மம் இல்ல சார். பொரிச்சதுக்கு அப்பறம் நண்டு நம்மகிட்டதானே இருக்கு. உயிரோட இருக்கு. அத வேகவெக்காதீங்க. டிரம்முல கடல் தண்ணி ஊத்தி, காத்து விடற ஏரேட்டர் போட்டு பாண்டிச்சேரி ஓட்டலுக்குக் கொண்டுபோனா உயிர் நண்டு வெல. மஸ்கட்டுல நான் பாத்திருக்கேன். செத்த நண்டுக்கும் ஓடற நண்டுக்கும் வெல வேற."

"அவ்ளோ ஜாஸ்தி கெடைக்குமா?"

"முழு வெல குடுத்தாலும் மிஞ்சும். கொஞ்சம் கரைக்கும் சேத்துக் குடுக்கலாம்."

ஒரு மாதத்துக்கு மேல் போயிருந்தது. ஆய்வுக்கு ஆறு வாரம் மிச்சம் இருந்தது. அவர் வேறு வழி இல்லாமல் தலையாட்டினார்.

முதல் தடவை தொட்டியில் இருபது நண்டு விட்டேன். காலையில் பன்னிரண்டுதான் இருந்தன. மிச்சத்தை மற்றவை தின்றிருந்தன. நண்டை ஒன்றாகப் போடக் கூடாது என்பது கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பிறகு காய்கறிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் துளைபோட்ட பிளாஸ்டிக் கூடைகளை வாங்கி வந்து, ஒரு கூடைக்கு ஒரு நண்டாகத் தொட்டியில் மிதக்கவிட்டேன். கழிவு மீனைத் துண்டாக்கிப் போட்டேன். மஞ்சள் முட்டை நாளாக ஆகப் பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிடும். கறுத்தால் பொரிக்கப்போகிறது என்று அர்த்தம்.

முதல் நண்டின் முட்டை கறுத்த மறுநாள் காலை, தொட்டியின் கிழக்கு மூலையில் வெயில் விழும் இடத்தில் தண்ணீர் மங்கலாகத் தெரிந்தது. மாவு கொட்டியிருக்கிறது என்று நினைத்தேன். கையை வைத்து வெயிலை மறைத்தேன். அந்த மாவு நகர்ந்து வெயில் இருக்கும் பக்கம் போனது.

குஞ்சுகள். வெளிச்சத்தைத் தேடிப் போகும்.

அன்றைக்கு அஞ்சலாட்சி அக்காவைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கையை அங்கும் இங்கும் வைத்து அவற்றை ஓட்டினார்.

"இம்புட்டும் ஒரு நண்டா?"

"ஒரு நண்டுதான்க்கா."

"நாங்க கூடை கூடையா தேச்சிருக்கோமேப்பா," என்றார். கொஞ்சம் கழித்து, "சரி, தாயி நண்டுக்கு என்னா வெல தர?" என்று கேட்டார்.

"முழு வெல. உயிரோட வரணும், கால் ஒடையாம வரணும். பாண்டிச்சேரில நல்ல வெல கெடைச்சா வாரக் கடைசில மேல கொஞ்சம்."

"அப்ப தேய்க்கறது எங்களுக்குத்தான் நஷ்டம்."

"ஆமாக்கா."

"இத மொதல்லயே செய்யறதுக்கு என்னா? நூலு கட்டிட்டுத் திரிஞ்ச."

குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கடலில் விட்டோம். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அதில் எத்தனை பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலானவற்றை மீன் தின்னும். ஆனால் மணலில் காக்கைக்குப் போட்டதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டே வாரத்தில் பெரும்பாலான போட்டுக்காரர்கள் சினை நண்டைத் தண்ணீர் வாளியில் போட்டுக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். காதர் பாய் மூன்றாவது தொட்டியையும் கழுவி வைத்துவிட்டு, அதற்கு வாடகை இப்போதே பேசிவிடலாமா என்றார்.

ஆனாலும் தேய்த்த நண்டு அடியோடு நிற்கவில்லை. தூரத்தில் வலை விடுகிறவர்கள் நண்டை உயிருடன் கொண்டுவருவது சிரமம் என்று தேய்த்துக் கூடைக்கு அடியில் போட்டுவிடுவார்கள். நூற்றுக்கணக்கான நண்டில் என்னால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அஞ்சலாட்சி அக்காவையே செக்கர் வேலைக்குக் கேட்டேன்.

"என்னயா? நானே தேச்சவ."

"அதனாலதான்க்கா. தேச்ச கைக்குத்தான் தேச்சது தெரியும்."

"சம்பளம்?"

சொன்னேன். அவர் அதற்கு மேல் ஒன்று சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். மறுநாளிலிருந்து எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நண்டை எடுத்து, மடலைத் தூக்கி, மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எறிவார். ஒரு நண்டுக்கு இரண்டு நொடிகூட ஆகாது.

4. ஆய்வு நாள்

ஆய்வாளர் பதினோரு மணிக்குக் கம்பெனிக் காரில் வருவார் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நாங்கள் ஏழு மணிக்கே கரையில் நின்றோம். முந்தின நாளே எல்லா போட்டுக்கும் சொல்லியாயிற்று. ஷெட்டில் உரிக்கிற பெண்கள் புதுத் தொப்பி, கையுறையோடு காத்திருந்தார்கள்.

எட்டு மணி வாக்கில் வந்த ஒரு போட் அஞ்சலாட்சி அக்காவின் உடன்பிறந்த தம்பி மாணிக்கத்துடையது. கூடையை வைத்துவிட்டுச் சிரித்தபடி நின்றான். அக்கா மேலே இருந்த நாலு நண்டைப் பார்த்தார். அவை சரியாக இருந்தன. கையைக் கூடைக்கு அடியில் விட்டு ஒன்றை இழுத்தார். மடலைத் தூக்கினார். முகம் மாறியது. இன்னொன்று. இன்னொன்று.

"எத்தினி தேச்ச?"

"அக்கா, கொஞ்சம்தான். ராத்திரி காத்து ஜாஸ்தி, வாளி கவுந்து போச்சி. உயிரோட கொண்டார முடியல."

"எடுத்துட்டுப் போ."

"ஒரு தடவதானக்கா. உன் தம்பி நான்."

"அதனாலதான் மெதுவா சொல்றேன். எடுத்துட்டுப் போ. உன் ஒரு தடவைக்கு நாப்பது பொம்பளைங்க வீட்ல போயி குந்தணுமா? என் பொண்ணும் அதுல ஒருத்தி. உனுக்கு அக்கா மவதான அவ?"

"அம்மாகிட்ட சொல்றேன் பாரு."

"சொல்லு. அம்மாவையும் கூட்டியா. இத கொழம்பு வெச்சி நீயும் அம்மாவும் தின்னுங்க."

கூடை கவிழ்ந்தது. அக்கா கவிழ்த்தாரா, அவன் இழுத்ததில் கவிழ்ந்ததா என்று தெரியவில்லை. நண்டுகள் மணலில் சிதறின. மாணிக்கம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போட்டுக்குப் போய்விட்டான். அந்த வார்த்தையை எழுத முடியாது.

அப்போதுதான் எனக்குப் பின்னால் டீ கிளாசோடு நின்ற ஒருவர் குனிந்து, சிதறிய நண்டு ஒன்றை எடுத்தார். முப்பது வயதிருக்கும். தோளில் பை. வெளியூர் வியாபாரி என்று நினைத்திருந்தேன். மடலைத் தூக்கிப் பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"நீங்க?" என்றேன்.

"பதினோரு மணிக்கு வர்றதா சொல்லியிருந்தேன். ஷேர் ஆட்டோ சீக்கிரம் கெடைச்சிடுச்சு," என்றார்.

மூன்று மாதம் பாடுபட்டு, தேய்த்த நண்டே இல்லாமல் செய்து, ஆய்வாளர் வந்த நாளில் அவர் காலடியிலேயே தேய்த்த நண்டு. அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னோடு கிளம்பினார். தொட்டிகளைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், ஷெட்டில் இரண்டு பெட்டி நண்டைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினார். அதற்குள் கடலூரிலிருந்து மேனேஜர் வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், அந்தக் கூடை நம்ம சரக்கு இல்ல சார். நாங்க எடுக்கல," என்றார்.

"தெரியும் சார். நான் பாத்துட்டுதானே இருந்தேன்," என்றார் ஆய்வாளர். பையில் போனை வைத்தார். "நான் நெறைய கரைக்குப் போயிருக்கேன். நான் வர்ற அன்னிக்கு எங்கயும் தேச்ச நண்டு இருக்காது. ஒளிச்சு வெச்சிடுவாங்க. நான் போனதும் வெளில வரும். எழுதறதுக்கு எனக்கு எதுவும் கெடைக்காது, ஆனா நம்பவும் முடியாது. தேச்ச நண்ட ஒருத்தர் சொந்தத் தம்பிகிட்டயே வாங்க மாட்டேன்னு திருப்பினத இன்னிக்குத்தான் பாக்கறேன். அதுவும் நான் யாருன்னு தெரியாம. அதத்தான் படம் எடுத்தேன்."

மேனேஜர் கர்சீப்பை மடியில் போட்டார்.

"அப்ப ஆர்டரு?"

"நான் எழுதற ரிப்போர்ட்ல இந்த ஷெட்ட நிறுத்தச் சொல்ல மாட்டேன். மத்த கரைக்கும் இந்தத் தொட்டி வேலையச் சொல்லலாமான்னு கேட்டு எழுதுவேன். இவர அனுப்புவீங்களா?" என்று என்னைக் காட்டினார்.

ஷெட் ஆபீஸ் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஆனால் மேனேஜர் எழுந்து அவர் கையைக் குலுக்கியதைப் பார்த்தார்கள். முதலில் அஞ்சலாட்சி அக்காவின் மகள் கையுறையைக் கழற்றி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் உரிக்கும் அறையில் எழுந்த சத்தத்தில் பாய்லர் சத்தமே கேட்கவில்லை. சூப்பர்வைசர் ஓடிப்போய், "கைய கழுவிட்டுத்தான் திரும்ப உரிக்கணும்," என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை.

நான் கரைக்கு நடந்து போனேன். அக்கா அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது.

"ஷெட்டு இருக்கா போச்சா?"

"இருக்குக்கா. நீங்க தம்பிய வெரட்டுனதப் பாத்துட்டுத்தான் அந்தாளு ஓகே சொன்னாரு."

அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் வேறு பக்கம் பார்த்தேன். அழவில்லை.

"அப்ப வெல ஏத்து," என்றார்.

"எதுக்குக்கா?"

"எதுக்கா? என் கூடப் பொறந்தவன் இனிமே என் வாசப்படி மிதிக்க மாட்டான். அம்மா நாளைக்கு வந்து என்னத் திட்டும். உங்க கம்பெனி பேரு நிக்கறதுக்கு நான் குடுத்தது இது. சும்மாவா குடுக்கறது?"

நான் அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். "அந்தம்மா கேக்கறது ஞாயம்தான்யா," என்றார் மேனேஜர். செக்கர் சம்பளமும் உயர்ந்தது, உயிர்ச் சினை நண்டின் விலையும் உயர்ந்தது.

அடுத்த பருவத்தில் நண்டு வரத்து நன்றாக இருந்தது. எங்கள் தொட்டிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கடலுக்கு ஆயிரம் காரணம். இப்போது நான் வேறு கரைகளில் தொட்டி போட்டுக் கொடுக்கிறேன். சிதம்பரத்து மேடத்தோடு இன்னும் வாதாடுகிறேன். சட்டமும் வேண்டும் என்று நான் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறேன். விலை சரியாக இருந்தால் சட்டத்துக்கு வேலை குறையும் என்று அவரும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கடலைக் காப்பாற்றுங்கள் என்று நான் எந்தக் கரையிலும் பேசுவதில்லை. நல்லபடியாக நடந்துகொள்ள ஒருவருக்கு என்ன செலவாகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அந்தச் செலவை அவர் தலையில் மட்டும் கட்டாமல் விலையில் சேர்த்துவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் நல்லபடி நடப்பதை யாராலும் தடுக்க முடியாது.

ஆய்வு நடந்த அன்று சாயங்காலம் ஷெட் வாசலில் இருந்த கரும்பலகையில் பழைய விலையை அழித்துவிட்டுப் புது விலையை எழுதினேன். அஞ்சலாட்சி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. மகளைக் கூப்பிட்டு இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு, போட்டுகள் திரும்பும் பக்கம் நடந்து போனார்.